பாத்திரத்தில் நான் வைத்த மிச்சம்

அன்றைக்கு என் கட்டிலைச் சுற்றி இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி எஸ்தர். எஸ்தரின் அண்ணன் சாமுவேல், தளியில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் போடுகிறவர். அடுத்த கட்டில்காரர் காதர் பாய். நர்ஸ் கமலம்மா. எங்கள் சபைப் போதகர். என்னையும் சேர்த்து ஆறு பேர், ஏழாவது ஆள் இல்லை. இந்த ஆறு பேரில் காதர் பாயும் போதகரும் இப்போது உயிரோடு இல்லை.

இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், அந்த வார்டுக்குள் காலே வைக்காதவர்கள்தான் அங்கே நடந்ததைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். போதகர் திருவிருந்துப் பாத்திரத்தை வாயில் வைக்கிற மாதிரி வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டார் என்று ஓசூரிலேயே ஒருவர் சொன்னார். கிருஷ்ணகிரிப் பக்கத்திலோ, அவர் கொஞ்சமும் பயமில்லாமல், சிரித்த முகத்தோடு குடித்தார் என்று பிரசங்கத்திலேயே சொல்கிறார்களாம். ரெண்டும் இல்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், கோர்வையாக எழுத வராது. ஆனாலும் நெஞ்சு நோயில் படுத்துக்கொண்டு, கடவுள் நம்மைக் கைவிட்டுவிட்டாரோ என்று சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிற யாருக்காவது இது உதவும் என்று எஸ்தர் சொன்னதால் எழுதுகிறேன்.

நான் ஓசூரிலிருந்து தளி வழியாக ஜவளகிரி போய்த் திரும்பும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். சுபாவத்திலேயே பயந்தவன். பையில் காசு சரியாக இருந்தாலும் திரும்பத் திரும்ப எண்ணுவேன். மேற்கூரையில் கட்டிய மூட்டை விழுந்திருக்குமோ என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கிப் பார்ப்பேன். இருமல் வந்தபோது தளி மேட்டுக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ஜவளகிரியில் பஸ் திரும்பி நிற்கும்போது, காட்டு ஓரமாகப் போய் இருமித் துப்பினேன். சிவப்பாக இருந்தது. பின்னால் டிரைவர் வெங்கடப்பா நின்றிருந்தான்.

"வெத்தல போட்டியாப்பா?"

"ஆமா."

"நீ எப்பல இருந்து வெத்தல போடற?"

நான் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. திரும்பி வரும்போது வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினான்.

அன்று டிக்கெட் கிழிக்க விரலை நாக்கில் தொட்டபோது எனக்குக் கை நின்றுவிட்டது. எல்லாக் கண்டக்டர்களும் செய்கிறதுதான். விரலை நனைத்தால்தான் சீட்டு ஒன்றுக்கொன்று ஒட்டாமல் பிரியும். அந்தச் சீட்டைக் குழந்தைகள் வாயில் வைத்துச் சப்பும். பல்லில் கடித்துக்கொண்டு கூடையைத் தூக்கும் பெண்கள் உண்டு. எத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு என் எச்சிலைக் கொடுத்திருக்கிறேன் என்று அன்று ஆரம்பித்த கணக்கு, நான் படுக்கையில் விழுந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

ஓசூர் டாக்டர் முதுகில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, பெங்களூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். காத்திருக்கிற இடத்தில் நீளமான பெஞ்சு. எல்லாரும் வாயில் துணியை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். யாராவது இருமினால் மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள். எஸ்தர் மட்டும் என்னை ஒட்டி உட்கார்ந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார் என்று சொன்னேன். "பெஞ்சுல எடம் இல்லீங்க" என்றாள். அவளுக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

எக்ஸ்ரே என்றால் உடம்புக்குள் இருப்பதை எடுக்கும் படம். அதில் எலும்பு வெள்ளையாகவும், காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும் தெரியும். எனக்கு வலது பக்கம் மேலே மேகம் மாதிரி வெள்ளையும், அதன் நடுவில் காலணா அளவுக்கு ஒரு வட்டமும் இருந்தன. கிருமி தின்று உண்டாக்கிய பொந்து அது என்று டாக்டர் சொன்னார். காலையில் எழுந்தவுடன் வரும் சளியைக் கண்ணாடியில் தடவிச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். அதிலும் கிருமி இருந்தது. கிருமி சளியில் வந்தால் மற்றவர்களுக்கும் ஒட்டும் என்று அர்த்தம்.

"டிக்கெட் வாங்கினவங்களுக்கு என்னங்க ஆகும்?" என்று கேட்டேன். டாக்டருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன்.

"டிக்கெட்டை விடுங்க. இருமும்போது வாயை மூடுங்க. குடிக்கிற டம்ளர், சாப்பிடற தட்டு எல்லாம் தனியா வெச்சுக்கங்க. வார்டுல கட்டில் காலியானதும் சொல்லி அனுப்புறோம்."

கட்டிலுக்காகக் காத்திருந்த நாட்களில்தான் திருவிருந்து ஞாயிறு வந்தது.

எங்கள் சபை சின்னது. போதகருக்கு நாலு ஊர்ச் சபைகள், ஓசூருக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். அன்றைக்குத் திருவிருந்து, இயேசுவின் கடைசி விருந்தின் நினைவாக. அப்பம் தனித்தனியாகக் கொடுப்பார். திராட்சரசம் ஒரே பாத்திரத்தில். எல்லாரும் அதே விளிம்பில்தான் வாய் வைத்துக் குடிப்போம். ஒவ்வொருவருக்கும் பிறகு வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். அதற்கு முன்னால் இன்னொன்று நடக்கும். சபைச் சந்தா ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி வைத்தவர்களின் பெயரைப் போதகர் வாசிப்பார். அவர்கள் அன்றைக்குத் திருவிருந்துக்கு வரக்கூடாது என்பது எங்கள் கமிட்டியின் கட்டுப்பாடு. ஆண்டவர் நம்மை நேசிக்க எந்த நிபந்தனையும் வைக்கவில்லை என்று பிரசங்கம் பண்ணிவிட்டு, அதே மூச்சில், அதே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பாக்கிக்காரர் பெயரை வாசிப்பார். சிறுவயதிலிருந்து இதைக் கேட்டவன் நான். வினோதமாகத் தோன்றியதே இல்லை. கண்டக்டருக்கு அது சகஜம். பஸ் எல்லாருக்கும் பொதுதான், டிக்கெட் இருந்தால்.

அன்று என் பெயர் பட்டியலில் இல்லை. ஆனாலும் நான் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. எனக்குப் பின்னால் கிழவிகளும், பிள்ளை பெற்று வந்த பெண்களும் அதே விளிம்பில் வாய் வைப்பார்களே. எஸ்தர் மட்டும் போனாள். நோயை வெளியே சொல்லவில்லை. சொன்னால் முதலாளி வேலையை விட்டு எடுத்துவிடுவார், தெருக் கிணற்றில் எஸ்தரைத் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள்.

பாக்கி இல்லாத ஒருவன் திருவிருந்துக்கு எழவில்லை என்றால் எங்கள் சபையில் ரெண்டே காரணம். யாருடனோ பகை, இல்லையென்றால் ஏதோ ஒரு பெண். வாரம் முடிவதற்குள் எனக்கு ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தளியில் ஏறும் பூக்காரி ஒருத்திக்கு நான் டிக்கெட் கிழிப்பதில்லையாம். எஸ்தர் கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்து சொன்னாள்.

"அவ கறுப்பா செவப்பான்னு கேட்டேன். ஒருத்திக்கும் சொல்லத் தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு குடத்தை இறக்கிவைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

அடுத்த முறை போதகர் வந்தபோது நேரே எங்கள் வீட்டுக்கே வந்தார். நெடிய ஆள், கையில் எப்போதும் குடை. என் பஸ்ஸில் வந்தாலும் டிக்கெட் வாங்குவார், சில்லறை பாக்கியைக் கேட்டு வாங்குவார். யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காதவர் என்று பெயர்.

"யார்கிட்ட மனத்தாங்கல், ஞானமுத்து?"

"யார்கிட்டயும் இல்லீங்க ஐயா."

"ஊர்ல வேற பேசறாங்க."

"அதும் இல்லீங்க." இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "நெஞ்சுல நோய்ங்க. டீபி. சளியில வருதுன்னு சொல்லிட்டாங்க. அதனாலதான் பாத்திரத்துல வாய் வெக்கல."

அவர் சட்டென்று ஒரு அடி பின்னால் வைத்தார். குடை முன்னால் வந்துவிட்டது. ஒரே ஒரு அடிதான். உடனே சுதாரித்துக்கொண்டு, வாசற்படியில் நின்று ஜெபம் செய்தார். நல்ல ஜெபம்தான். ஆனால் என் காதில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை. அந்த அடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனிதர்தானே, பயம் வராதா என்று எஸ்தர் சமாதானம் சொன்னாள். எனக்கும் தெரியும். ஆனால் என்னைப் போன்றவனுக்குக் கடவுள் நேரில் வருகிறதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து எங்களிடம் வருகிறவர் அவர் ஒருவர்தான். அவரே பின்னால் போனால் நான் என்ன நினைப்பேன்? சாவு பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அன்று பிடித்தது. நான் சுத்தமாக இருந்தவரைக்கும், சந்தா கட்டியவரைக்கும், பாத்திரத்துக்குப் போனவரைக்கும்தான் ஆண்டவர் என்னை நேசித்தாரோ, இப்போது இறக்கி விட்டுவிட்டாரோ என்ற பயம்.

கட்டில் கிடைத்தது. மகள் மேரிக்கு அப்போதுதான் பேச்சு வர ஆரம்பித்திருந்தது. அவளைச் சாமுவேல் மச்சான் தளிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவளை முத்தமிடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தூர நின்று கையை ஆட்டினேன். பஸ் புறப்படும்போது 'ரைட்' காட்டுகிற கை அது. அவள் விளையாட்டு என்று நினைத்துத் தானும் ஆட்டினாள்.

ஆஸ்பத்திரி வைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஊசி. இடுப்புக்குக் கீழே போடுவார்கள், உட்கார முடியாது. அதில் காதுக்குள் ஓயாமல் ஹாரன் அடிக்கிற மாதிரி இரைச்சல் வரும், நடந்தால் பஸ் ஆடுகிற மாதிரி தரை ஆடும். கூடவே வயிற்றைப் புரட்டும் மாத்திரைகள். இன்னொன்று காற்று ஏற்றுவது. விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி, நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் இடையில் காற்றை நிரப்புவார்கள். அந்தக் காற்று நுரையீரலை அமுக்கி அசையாமல் வைக்கும். ஏன் என்று கேட்டேன். "ஓடற வண்டியில ரிப்பேர் பண்ண முடியுமா?" என்றார் டாக்டர். நான் கண்டக்டர் என்று தெரிந்துகொண்டு சொன்னார். எனக்கு நன்றாகப் புரிந்தது. காற்று உள்ளேயே மெல்லக் கரைந்துபோகும், மறுபடியும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஊசி இருதயத்தில் பட்டுவிடுமோ என்று நான் வேர்த்துப்போவேன்.

ஊசி மருந்தை நாங்கள்தான் வெளியே வாங்கித் தர வேண்டும். முதலாளி அரை மாதச் சம்பளம் கொடுத்தனுப்பிவிட்டு வேறு கண்டக்டரைப் போட்டுக்கொண்டார். எஸ்தரின் கம்மல் போயிற்று. காதுத் துளையில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு, "இதுதான் லேசா இருக்குது" என்றாள். சாமுவேல் மச்சான் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் பீன்ஸ் மூட்டை கொண்டுவரும்போதெல்லாம் துண்டு முனையில் காசு முடிந்து வந்து, மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். எவ்வளவு என்று சொல்லமாட்டார்.

"எப்ப மச்சான் நான் இதெல்லாம் திருப்பித் தருவேன்?"

"சும்மா கெட மாப்ளே. பீன்ஸு என்ன, நானா காய்க்கறேன்?"

கமலம்மா கன்னடக்காரி. காலையில் வந்ததும் "ஊட்ட ஆயித்தா?" என்று கேட்பாள். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். நான் சாப்பிடாமல் வைத்திருந்தால் தட்டை எடுக்கமாட்டாள். நின்றுகொண்டே இருப்பாள்.

காதர் பாய் கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டித் தரகர். அவருக்கு ரெண்டு பக்கமும் பொந்து, காற்று ஏற்ற முடியாத நிலை. அது அவருக்கே தெரியும். அதை வைத்துக்கொண்டு என்னைப்போல் அழாமல், வார்டில் யார் யார் மல்கோவா, யார் நாட்டு மாங்காய் என்று தரம் பிரித்துச் சொல்லிக்கொண்டிருப்பார். என்னை வெம்பிய காய் என்றார்.

ஒருநாள் சாயங்காலம் அவரிடம் என் பயத்தைச் சொன்னேன். எங்கள் வேதப்படி ஆண்டவர் நிபந்தனையில்லாமல் நேசிக்கிறார் என்கிறார்கள். ஆனால் மனந்திரும்பு, கீழ்ப்படி, காணிக்கை கொடு என்றும் சொல்கிறார்கள். எது முதலில், எது பின்னால் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"எங்களுக்குக் கணக்கு உண்டு கண்டக்டர். ரெண்டு தோளுலயும் ரெண்டு பேரு உக்காந்து எழுதிட்டே இருக்காங்க. ஆனா கணக்கு எழுத ஆரம்பிக்கறதுக்கு முந்தியே ரஹ்மத்தை, அவனோட கருணையை, எழுதியாச்சும்பாரு எங்க பள்ளிவாசல் ஹஜரத்து." அப்புறம் என் பக்கம் திரும்பிப் படுத்தார். "நீங்க டிக்கெட் இல்லாதவனை என்ன பண்ணுவீங்க?"

"எறக்கி விட்டுருவேன் பாய்."

"ஜவளகிரிக் காட்டுக்குள்ள மாட்டினா?"

"காட்டுக்குள்ள எறக்க மாட்டேன். யானை இருக்கும்."

"பாத்தீங்களா. ஒரு கண்டக்டருக்கே அவ்ளோ இருக்குது."

எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் என் மனது விடுமா? கொஞ்ச நேரம் கழித்து, "ஊர் வந்ததும் எறக்கிருவேனே பாய்" என்றேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, கமலம்மா ஓடி வந்து என்னைத் திட்டினாள்.

இப்படி இருக்கும்போதுதான் அன்று மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், போதகர் வந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் கறுப்புத் தோல் பை. எஸ்தரும் மச்சானும் ஏற்கெனவே இருந்தார்கள். என் மருந்து ஸ்டூலைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, சின்ன வெள்ளிப் பாத்திரத்தையும் அப்பத்தையும் எடுத்து வைத்தார்.

காதர் பாய் எழப் பார்த்தார். "நான் வெளிய போகட்டுங்களா?"

"இருங்க பாய். உங்க கட்டில்தானே" என்றார் போதகர். பாய் மரியாதைக்காகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "ஐயா, எனக்கு அப்பம் மட்டும் போதுங்க. பாத்திரம் வேண்டாம். மத்தவங்களுக்கு ஆகாது."

அவர் பாத்திரத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "உனக்குக் கடைசியா தரேன்."

அப்பாடா என்றிருந்தது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை. ஜெபம் நடந்தது. அவர் குடித்தார், மச்சானுக்குக் கொடுத்தார், எஸ்தருக்குக் கொடுத்தார், பிறகு எனக்கு நீட்டினார். நாலு பேருக்கென்று தாராளமாகவே ஊற்றியிருந்தார். நான் உதட்டை நனைத்துக்கொண்டதோடு சரி. எவ்வளவு குறைவாகத் தொடுகிறேனோ அவ்வளவு நல்லது என்பதுதான் என் புத்தி. பாதிக்கு மேல் மிச்சம் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அதை ஸ்டூலில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதாமாதம், நினைவு தெரிந்த நாளிலிருந்து கோவிலில் பார்த்தது. எல்லாரும் குடித்த பிறகு மிச்சத்தைப் போதகர்தான் குடிப்பார். பிறகு தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடிப்பார். அர்ப்பணம் பண்ணியதைச் சாக்கடையில் கொட்டுவதில்லை. இது நினைவிருந்திருந்தால் ஒரு சொட்டு விடாமல் நானே குடித்திருப்பேனே. ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்து, அத்தனையையும் அவருக்கே வைத்துவிட்டேன்.

"ஐயா, குடுங்க, நானே குடிச்சிடறேன்" என்று கையை நீட்டினேன். இருமல் பிடித்துக்கொண்டது. துணியால் வாயைப் பொத்திக்கொண்டேன். பாத்திரத்தை வாங்க முடியவில்லை.

மச்சான் சொன்னார்: "ஐயா, வெளிய செடி ஓரமா மண்ணுல ஊத்திரலாங்களே. நோயாளி மிச்சம்."

வாசலில் நின்ற கமலம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "பேடா சார், பேடா. இல்லி கொடி, நான் தொளீதீனி" என்று ஓடி வந்தாள். வேண்டாம், இங்கே கொடுங்கள், நான் கழுவிவிடுகிறேன் என்கிறாள்.

போதகர் அவளுக்குத் தலையை அசைத்தார். மச்சானைப் பார்த்து, "மண்ணுல ஊத்தலாம்தான். அதுக்குச் சபை முறையில இடம் இருக்குது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு உன் வீட்ல நான் ஒரு அடி பின்னால வெச்சேன்."

நான் வாயிலிருந்து துணியை எடுத்தேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேங்க ஐயா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பாத்திரத்தை ரெண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். கை நடுங்கியது. விளிம்பு பல்லில் இடித்து டக் டக் என்று சத்தம் கேட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், கசப்பு மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி. குடித்தார். முழுவதும் குடித்தார். தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அதையும் குடித்தார். துணியால் துடைத்து வைத்தார். அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார், என் கால் மேலேயே. நெற்றியெல்லாம் வேர்வை. எஸ்தர் தன் முந்தானையால் விசிறினாள்.

"பயமா இருக்குதுப்பா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நடந்தது இதுதான். கொட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பயந்துதான் குடித்தார். அதை மாற்றிச் சொல்கிறவர்கள் எனக்குக் கிடைத்ததை என்னிடமிருந்து பிடுங்குகிறார்கள். பயமில்லாதவர் குடித்திருந்தால் அது என் பயத்துக்குப் பதிலாகியிருக்காது.

கொஞ்சம் தெளிந்ததும் நான் கேட்டேன், அத்தனை மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததை. "ஐயா, நெசமாவே நிபந்தனை இல்லீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாக்கிக்காரங்க பேரை வாசிக்கிறவன்கிட்ட கேக்கற. எனக்கு நிபந்தனை இருக்குது. சபைக்கு இருக்குது, இல்லாம நடத்தத் தெரியல. அவருக்கு இல்லன்னுதான் நம்பிக்கிட்டு இருக்கேன். ஆனா ஒண்ணு, ஞானமுத்து. நிபந்தனை இல்லன்னா செலவு இல்லன்னு அர்த்தம் இல்ல. நம்ம பக்கம் செலவு இல்ல. அவ்வளவுதான்."

சுவரைப் பார்த்தபடியே காதர் பாய், "ஐயா, சர்க்கரை போட்டு டீ வாங்கித் தரச் சொல்லட்டுங்களா? கை இன்னும் ஆடுது" என்றார். சுவரைப் பார்த்திருந்தவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. போதகர் டீ குடித்தார். பிறகு ஓசூர் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடமே கேட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

காதர் பாய் அதற்குப் பிறகு அதிகம் இருக்கவில்லை. ஒரு காலையில் அவர் மகன்கள் வந்து எடுத்துப்போனார்கள். தலையணைக்கு அடியில் எனக்கென்று ரெண்டு மாம்பழம் துணியில் சுற்றி வைத்திருந்தார். பருவம் முடிந்துபோன சமயம், எங்கிருந்து வரவழைத்தாரோ. நான் வெகுநேரம் அந்தக் காலிக் கட்டிலைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன். ஒன்றைக் கமலம்மாவுக்குக் கொடுத்தேன். மற்றது என்னிடமே இருந்து அழுகிவிட்டது. சாப்பிட மனம் வரவில்லை.

என் சளியில் கிருமி வருவது நின்றது. பொந்து சுருங்கியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். மேரியைக் கொண்டுவந்து விட்டபோது அவள் சாமுவேல் மச்சானின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, அவரை அப்பா என்று கூப்பிட்டு அழுதாள். மச்சானும் அழுதார். பழைய முதலாளியே இரக்கப்பட்டு ஓசூர் ஸ்டாண்டில் நேரம் குறிக்கிற வேலை கொடுத்தார். டிக்கெட் கிழிக்க வேண்டாம், அது போதும் எனக்கு.

அடுத்த மழைக்காலத்தில் போதகர் இறந்துபோனார். கால் வீங்கி, மூச்சு வாங்கி, கொஞ்ச நாள் படுத்திருந்தார். இருதயம் என்று சொன்னார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. அவரைப் பார்த்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்ததாகவும் கிருமி இல்லை என்றும் சொன்னார். மறுபடி போனேன். மூன்றாவது முறை அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருதயம்னு சொல்றேன். ஒரு வாய் குடிச்சதுக்கெல்லாம் இப்படி ஆகாதுய்யா. போய் வேலையைப் பாருங்க."

நம்புகிறேன். நம்புகிற நாட்கள்தான் அதிகம். அடக்கத்தன்று நான் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றேன். யார் பக்கத்திலும் நிற்காத பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. எஸ்தர் வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

புதுப் போதகர் சின்ன வயதுக்காரர், நல்லவர். பட்டியல் வாசிப்பது மட்டும் நிற்கவில்லை. நான் படுத்திருந்த மாதங்களும், சம்பளமில்லாத மாதங்களும் சேர்ந்து இப்போது என் பெயரும் அதில் இருக்கிறது. நோயைச் சொல்லி மனு கொடுத்தால் கமிட்டி தள்ளுபடி பண்ணும் என்று அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். எஸ்தரும் கொடுக்கச் சொன்னாள். நான் கொடுக்கவில்லை.

"ஏங்க, ஒரு தாளு எழுதறதுக்கு என்ன?"

"மனுன்னா காரணம் எழுதணும் எஸ்தர். அன்னைக்கு வார்டுல பழைய ஐயா என்கிட்ட காரணம் கேக்கல."

அவளுக்கு முழுதாகப் புரிந்ததா தெரியவில்லை. எனக்கே முழுதாகச் சொல்ல வரவில்லை. பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன், ஆண்டவருடைய நேசத்துக்காக அல்ல. அது தீர்ந்துபோன விஷயம், அந்தக் கட்டிலில் தீர்ந்தது. இது கோவில் கூரை ஓட்டுக்கும் விளக்குக்கும் ஆகிற காசு. அதையும் இதையும் ஒரே பையில் போட்டுக் குழப்ப எனக்கு மனமில்லை. அதனால் திருவிருந்து ஞாயிறுகளில் பெயர் வாசித்ததும் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். எஸ்தர் மட்டும் போகிறாள். எல்லாரும் குடித்த பிறகு புதுப் போதகர் மிச்சத்தைக் குடித்து, தண்ணீர் ஊற்றி அலசிக் குடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் கை நடுங்குவதில்லை. பல்லில் பாத்திரம் இடிக்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கும்.

அந்தந்த மாதச் சந்தா போக, பழைய பாக்கிக்கு மாதம் எட்டணா கட்டிவருகிறேன். இன்னும் பாக்கி பதினொரு ரூபாய் எட்டணா.